கழுத்தளவுத் தண்ணீர்

மார்ச் 2

நாத்தனாருக்கு,

உன் அண்ணன் சொல்லித்தான் எழுதுகிறேன். நானாக எழுதியிருக்க மாட்டேன் என்பது உனக்கே தெரியும். கை நடுங்குகிறது என்று பேனாவை என்னிடம் கொடுத்துவிட்டு, "நல்லா இருக்கேன்னு அந்த வாலுக்கு ஒரு வரி போட்டுடு, பாவம், கவலப்பட்டுக்கிட்டு கெடப்பா" என்றார். நன்றாக இருக்கிறார். அவருடைய ஒரு வரி முடிந்தது. இனி என் வரிகள்.

பதினோரு மாதத்துக்கு முன்னால், அவர் இதயம் பாதிதான் வேலை செய்கிறது என்று டாக்டர் சொன்ன அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் உறவுக்காரர் அத்தனை பேர் முன்னாலும் என்னைப் பார்த்து நீ கேட்டாய்: "சாமி சாமின்னு கண்ண மூடி உக்காந்திருந்தீங்களே, எங்கண்ணன் மூச்சு வாங்குனத என்னிக்காவது பாத்தீங்களா?" வீட்டுக்கு வருகிற வழியிலேயே இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். பதில் இப்போது அதில் இருக்கிறது.

நூலகத்தில் தண்ணீர் வைத்தியம் பற்றிய பழைய புத்தகம் ஒன்று கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். வீட்டுக்குப் பின்னால் துணி அலசும் சிமெண்ட் தொட்டி இருக்கிறதல்லவா, கொத்தனாரை வைத்து அதற்குள் உட்காரத் திட்டு கட்டினேன். தினமும் காலை ஆறு மணிக்கு வெதுவெதுப்பாக வெந்நீர் கலந்து, கழுத்தளவு தண்ணீரில் அவரை உட்கார வைக்கிறேன். பக்கத்தில் முக்காலி போட்டுக் கண்ணை மூடி ஆயிரம் தடவை கடவுள் பெயரைச் சொல்கிறேன். ஐம்பது நிமிடம் ஆகும். ஆயிரம் முடிந்த பிறகுதான் அவர் எழுந்திருப்பார். நாற்பது நாளைக்கு வேண்டுதல். இன்று பதினேழாவது நாள்.

கேட்டுக்கொள். தொட்டியை விட்டு வந்ததும் அவர் கணுக்காலைத் தையல் டேப்பால் அளக்கிறேன். முதல் நாள் இருபத்தேழு சென்டிமீட்டர். இப்போது இருபத்து நான்கு. விரலால் அழுத்தினால் குழி விழுவதில்லை. தண்ணீரை விட்டு எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு தடவை சிறுநீர் கழிக்கிறார். தானாகவே போகும்போது நீர் பிரிக்கிற அந்த மாத்திரை எதற்கு? முதலில் பாதியாக்கினேன். பத்தாம் நாள் நிறுத்திவிட்டேன். எடையும் கூடி வருகிறது, உடம்பு தேறுகிறது.

வீட்டுத் தொலைபேசியை எடுத்துவிட்டதற்கு நீ காரணம் இல்லை. மணி அடித்தால் அவர் திடுக்கிடுகிறார்.

அண்ணி

*

மார்ச் 6

அண்ணிக்கு,

அண்ணனுடைய ஒரு வரியைப் படித்து அழுதேன். உங்கள் வரிகளைப் படித்து வேலைக்குப் போகாமல் உட்கார்ந்துவிட்டேன். வராந்தாவில் நான் பேசியதற்கு என்னை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தி வைத்துக் கேளுங்கள். இப்போது தொட்டியைப் பற்றிப் பேச வேண்டும்.

நான் நர்ஸ் இல்லை. ஆஸ்பத்திரியின் சிகிச்சைக் குளத்தில் பன்னிரண்டு வருடமாக ஆட்களைக் கைபிடித்துப் படி இறக்கி, கைபிடித்து ஏற்றுகிறவள். குளத்துச் சுவரில் நீலக் கோடு நான்கு போட்டிருக்கும்: முழங்கால், இடுப்பு, மார்பு, கழுத்து. யார் எந்தக் கோடு வரை போகலாம் என்று பயிற்சியாளர் அவரவர் சீட்டில் எழுதுவார். இதயம் தளர்ந்தவர்களுக்கு இடுப்புக் கோட்டுக்கு மேல் எழுதி நான் பார்த்ததில்லை. தண்ணீரில் மல்லாந்து மிதக்கவும் அவர்களை விடுவதில்லை. வெறும் தண்ணீர்தானே, என்ன செய்துவிடும் என்றுதான் முதலில் நானும் நினைத்தேன்.

ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் வந்துகொண்டிருந்தார். அண்ணனுக்கு உள்ள அதே நோய். "இவ்ளோ தூரம் வந்துட்டு இடுப்போட நிக்கணுமா, நான் என்ன எருமையா?" என்று தினமும் என்னைக் கிண்டல் செய்வார். எருமை கழுத்து வரை நிற்கும், நீங்கள் மனிதர் என்பதால்தான் இடுப்பு என்று நானும் சொல்வேன். ஒரு நாள் அடுத்த ஆளுக்குக் கை கொடுக்க நான் திரும்பிய நேரத்தில் கழுத்துக் கோட்டுக்குப் போய்விட்டார். இரண்டு நிமிடம் சிரித்தார். பிறகு பேச்சு துண்டு துண்டாக வந்தது. உதடு கறுத்தது. பதறிப்போய்ச் சட்டென்று மேலே ஏற்றி நிற்க வைத்தோம், கண் செருகிச் சரிந்தார். பிழைத்தார். அன்றைக்குப் பயிற்சியாளர் என்னை உட்கார வைத்துச் சொன்னார்.

"தண்ணி சும்மா சுத்தி நிக்கலம்மா, அமுக்குது. ஆழம் கூடக் கூட அமுக்கலும் கூடும். காலு, தொடை, வயிறுன்னு கீழ கெடக்கற ரத்தத்த எல்லாம் மேல தள்ளும். முக்கா லிட்டர்கிட்ட நெஞ்சுக்குள்ள வந்து சேரும். நல்ல இதயம் அத வாங்கி வீசிட்டுப் போயிடும். களச்ச இதயம் என்ன பண்ணும்? வாங்க முடியாது, நுரையீரல்ல தேங்கும். அப்பறம் நீங்க அவசரமா நிறுத்தி வெச்சா, மேல வந்தது பூரா மடமடன்னு காலுக்கு எறங்கிடும். மூளைக்குப் போக ஒண்ணும் இருக்காது."

அண்ணி, கணுக்கால் மூன்று சென்டிமீட்டர் இளைத்தது பொய் என்று நான் சொல்லவில்லை. அது எங்கே போனது என்றுதான் கேட்கிறேன். சிறுநீர் போவதும் உண்மை. நெஞ்சு நிரம்பியதும் உடம்பு, தன்னிடம் தண்ணீர் அதிகம் என்று எண்ணிக் கொஞ்சம் வெளியே விடும். அந்தக் கொஞ்சம் மாத்திரை செய்கிற வேலைக்கு ஈடாகாது.

தயவுசெய்து நாளைக்கே மாத்திரையை மறுபடி தொடங்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். கணுக்காலைச் சாயங்காலமும் ஒரு தடவை அளந்து பாருங்கள். இரவில் அண்ணன் எப்படிப் படுக்கிறார்? நோட்டில் உள்ளதை எனக்கு நகல் எடுத்து அனுப்ப முடியுமா?

நாத்தனார்

*

மார்ச் 10

நாத்தனாருக்கு,

தபால்காரர் கதை நன்றாக இருந்தது. அவர் உன் பேச்சைக் கேட்காமல் போனவர். உன் அண்ணன் நான் சொன்ன இடத்தில் சொன்னபடி உட்கார்ந்திருக்கிறார், முகம் சுளித்ததே இல்லை. ஆயிரம் முடிந்து நான் கண்ணைத் திறந்து, "எப்படி இருக்கு?" என்று கேட்டால், "நல்லாத்தான் இருக்கு" என்கிறார். அவருக்குத் தெரியாதது பத்து மணி நேரப் பயணத் தூரத்தில் இருக்கும் உனக்குத் தெரிந்துவிட்டதா?

எப்படிப் படுக்கிறார் என்று கேட்கிறாய். புருஷன் பெண்டாட்டி படுக்கை வரைக்கும் நாத்தனார் விசாரணை வந்தாகிவிட்டது. அதற்கு நான் பதில் எழுதுவதாக இல்லை.

இந்தக் கடிதத்தோடு நோட்டின் நகல் வைத்திருக்கிறேன். தொட்டி ஆரம்பித்த நாளிலிருந்து உள்ள பக்கங்கள். எடை, கணுக்கால், சிறுநீர், நாடி எல்லாம் இருக்கிறது. வாராவாரம் துணி துவைத்த கணக்கும் அதே பக்கத்தின் கீழே வரும், அதையும் விடாமல் எழுதிவிட்டேன். பாதியை மறைத்து அனுப்பினாள் என்று நீ சொல்லக் கூடாது. ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை. அது கடவுள் பார்க்கிற நோட்டு.

இன்று இருபத்தைந்தாவது நாள். டாக்டரிடம் நாற்பது முடிந்ததும் போவோம். வேண்டுதலை நடுவில் விட்டால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாது, உனக்கு அதில் நம்பிக்கையும் கிடையாது. எனக்கு உண்டு.

அண்ணி

*

மார்ச் 13

நாத்தனாருக்கு,

நேற்றும் இன்றும் சாயங்காலம் அளந்தேன். நேற்று இருபத்தொன்பது, இன்று இருபத்தொன்பதரை. காலையில் தொட்டிக்குப் பிறகு இருபத்து நான்குதான். அதிகம் நடந்ததால் இருக்கலாம். ஆனால் அவர் அதிகம் நடக்கவில்லை. அளந்ததை எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன். வேறொன்றும் இல்லை.

அண்ணி

*

மார்ச் 14

அண்ணிக்கு,

நகல் நேற்று மாலை வந்தது. சாப்பிடாமல் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று மதியம் எங்கள் பயிற்சியாளரிடம் காட்டினேன். அவர் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன். கோபத்தை ஒரு ஐந்து நிமிடம் தள்ளி வைத்துவிட்டுப் படியுங்கள்.

எடை. பிப்ரவரி பதினான்கில் அறுபத்தொன்று, மார்ச் ஒன்பதில் அறுபத்தைந்தரை. மூன்றரை வாரத்தில் நாலரைக் கிலோ. அண்ணன் முன்பைவிடக் கூடுதலாகச் சாப்பிடுகிறாரா? இல்லை என்று உங்கள் நோட்டிலேயே இருக்கிறது, "இரவு பாதி சாப்பாட்டில் எழுந்துவிட்டார்" என்று நான்கு இடத்தில். உடம்பு தேறவில்லை, அண்ணி. உள்ளே தண்ணீர் சேர்ந்திருக்கிறது. அதை வெளியேற்றிக்கொண்டிருந்த மாத்திரையை நிறுத்தியிருக்கிறீர்கள்.

அடுத்தது நீங்கள் எனக்குப் பதில் எழுத மாட்டேன் என்று சொன்னது. அதற்கும் பதில் அனுப்பியிருக்கிறீர்கள், துணிக் கணக்கில். பிப்ரவரி 15, தலையணை உறை இரண்டு. வீட்டில் இருப்பது இரண்டு பேர், சரி. பிப்ரவரி 22, உறை மூன்று. மார்ச் 1, உறை ஐந்து. மார்ச் 8, உறை ஒன்று, நாற்காலித் துண்டு இரண்டு. உங்களுக்கு ஒன்று போக, ஒரு மனிதருக்கு இரண்டு தலையணை, நான்கு தலையணை எதற்கு? அந்த நான்கும் திடீரென்று எங்கே போயின? அண்ணன் படுப்பதையே விட்டுவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்குகிறார். முதுகு வலிக்கிறது என்று உங்களிடம் சொல்லியிருப்பார். எங்கள் அப்பாவிடம் காய்ச்சலை மறைத்தவர் அவர், எனக்குத் தெரியும்.

படுத்தாலும் தொட்டியில் நடப்பதுதான் நடக்கும். உட்கார்ந்திருக்கும்போதும் நிற்கும்போதும் ஒரு பங்கு ரத்தம் காலில் தங்கி நெஞ்சுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுக்கும். கால் நெஞ்சின் மட்டத்துக்கு வந்துவிட்டால் அது அத்தனையும் திரும்பி வரும். அதைத் தாங்க முடியாமல்தான் தலையணை மேல் தலையணை வைத்தார். படுக்கவே முடியாத ஒருவரை நீங்கள் தினமும் ஐம்பது நிமிடம் கழுத்து வரை தண்ணீரில் வைக்கிறீர்கள்.

நாளைக்கு, நாளை மறுநாள் என்று தள்ளாதீர்கள். இதைப் படிக்கும்போது அவர் தொட்டிக்குள் இருந்தால், எழுப்பி நிறுத்தாதீர்கள். தொட்டியில் தண்ணீர் போகும் துளையின் அடைப்பை எடுத்துவிடுங்கள். அவர் உட்கார்ந்தபடியே இருக்கட்டும், தண்ணீர் மெதுவாக இறங்கட்டும். பிறகு முதுகை நிமிர்த்தி, காலைத் தொங்கப்போட்டு உட்கார வையுங்கள். படுக்க வைக்காதீர்கள், காலை உயர்த்தி வைக்காதீர்கள். வண்டியிலும் உட்கார்ந்தபடிதான் போக வேண்டும். நேராக ஆஸ்பத்திரி. நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள்.

நானே கிளம்பி வந்திருப்பேன். ஆறு மாதத்துக்கு முன்னால் வந்து உங்கள் வாசலில் அரை மணி நேரம் நின்றவள்தானே. கதவு திறக்கவில்லை. என் முகத்துக்குத் திறக்காத நீங்கள் எண்களுக்குத் திறப்பீர்கள் என்று நம்பித்தான் விரைவுத் தபாலில் போடுகிறேன்.

நாத்தனார்

*

மார்ச் 18

அண்ணிக்கு,

நேற்று மத்தியானம் அந்த ஊர் ஆஸ்பத்திரி நர்ஸ் எங்கள் குளத்து எண்ணுக்குக் கூப்பிட்டார். "உங்கண்ணன் இங்க சேந்திருக்கார், ஆக்ஸிஜன் போகுது, அண்ணி சொல்லச் சொன்னாங்க" என்றார். நான் கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

விடுப்பு வாங்கிவிட்டேன். பை தயாராக இருக்கிறது. ஆனால் நீங்கள் சொல்லாமல் வரமாட்டேன். நான் வந்து நின்று, உங்கள் முகம் மாறி, அதை அண்ணன் பார்த்து... இப்போது அவர் நெஞ்சு அதைத் தாங்காது. அன்றைக்கு வராந்தாவை விட்டுப் போகும்போது "இனிமே எங்க விஷயத்துல தலையிடாத" என்றீர்களே, அந்தத் தடையை எடுத்துவிட்டேன் என்று ஒரே ஒரு சொல் அனுப்புங்கள். விடுதலைச் சீட்டுக்குக் காத்திருக்கும் கைதி மாதிரி தபால் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நாத்தனார்

*

மார்ச் 20

நாத்தனாருக்கு,

நர்ஸ் சொன்னது சேதி. என்ன நடந்தது என்பதை நான்தான் சொல்ல வேண்டும்.

உன் கடிதம் பதினாறாம் தேதி மதியமே வந்துவிட்டது. நான் பிரிக்கவில்லை. திட்டியிருப்பாய், வேண்டுதல் நாளில் மனம் கலங்கக் கூடாது என்று வைத்துவிட்டேன். எறியவும் மனம் வரவில்லை, அவர் கண்ணில் படக்கூடாது என்று இடுப்பில் செருகிக்கொண்டேன். மறுநாள் காலையும் அது அங்கேயே இருந்தது. முப்பத்திரண்டாவது நாள். அவர் தொட்டியில், நான் முக்காலியில். முந்நூற்று நாற்பது சொல்லியிருந்தேன். கடிதம் நழுவி ஈரத் தரையில் விழுந்த சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தேன். உள்ளே எண்கள் இருக்கும், மை கரைந்துவிட்டால் போய்விடும் என்று உறையைக் கிழித்தேன். நீ திட்டியது கரைந்தால் எனக்கு ஒன்றும் இல்லை, எண் கரைந்தால் பொறுக்காது. வாய் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தது, கண் உன் எழுத்தில் ஓடியது. தலையணை உறை என்ற இடத்தில் வாய் நின்றுவிட்டது.

நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். முப்பத்திரண்டு நாளும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும், தண்ணீருக்குள் இருக்கும்போது அவர் முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். கழுத்து நரம்பு கயிறு மாதிரி புடைத்திருந்தது. மூக்கு விரிந்து விரிந்து மூடியது. சத்தம் எனக்குக் கேட்காமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டு மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். நான் பார்ப்பது தெரிந்ததும் சிரித்தார்.

"முடிஞ்சிடுச்சா?"

"இல்ல. நிறுத்திட்டேன்."

"எவ்ளோ... ஆச்சு?"

"முந்நூத்தி நாப்பது."

"நடுவுல விடாத. நான்... தாங்கிக்குவேன். நீ முடி."

நான் கையை உள்ளே விட்டு அடைப்பைப் பிடுங்கினேன். எழுந்திருக்கப் பார்த்தார், தோளை அழுத்தி உட்கார வைத்தேன். தண்ணீர் இறங்கப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. அந்தப் பன்னிரண்டு நிமிடமும் அவர் மூச்சை எண்ணினேன். கழுத்தில் இருந்தபோது நிமிடத்துக்கு முப்பத்தெட்டு. மார்புக்கு வந்தபோது முப்பத்து மூன்று. இடுப்புக்கு இறங்கியபோது இருபத்தெட்டு, அப்போதுதான் ஒரு முழு வாக்கியம் பேசினார். "அவ்ளோ வெந்நீரும் வீணாப் போகுதே" என்றார். எனக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் வண்டியில் உட்கார்ந்தபடியே கொண்டுவந்தோம். நுரையீரலில் பாதிக்கு நீர் கோத்திருக்கிறது என்று படம் எடுத்துக் காட்டினார்கள். ஊசி வழியாக மருந்து ஏற்றி மூன்று நாளில் நாலு லிட்டர் வெளியேறியிருக்கிறது. அளவுப் பையை நானும் பார்த்தேன். நேற்று முதல் ஆக்ஸிஜனைக் குறைத்திருக்கிறார்கள். இன்னும் இரண்டு நாள் போனால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்கிறார் டாக்டர். இதயம் முன்பு இருந்ததைவிடத் தளர்ந்திருக்கிறது என்றும் சொன்னார். அதில் எத்தனை பங்கு தொட்டிக்கு என்று கேட்டேன். அப்படிப் பிரித்துச் சொல்ல முடியாதாம்.

சேர்த்த அன்று மாத்திரையை யார் நிறுத்தியது என்று டாக்டர் கேட்டார். முகமூடியை ஒரு கையால் தூக்கிக்கொண்டு இவர் முந்திக்கொண்டார்.

"நாந்தான் டாக்டர், மறந்து மறந்து விட்டுட்டேன். இவ பாவம், எடுத்துக் குடுப்பா."

"பொய் சொல்றார். நான்தான் நிறுத்தினேன்" என்று நோட்டைப் பிரித்துப் பத்தாம் நாளைக் காட்டினேன். டாக்டர் பக்கங்களைப் புரட்டினார். "இவ்வளவு ஒழுங்கா யாரும் எழுதி நான் பாத்ததில்லம்மா. எழுதினத முன்னாடியே ஒரு தடவ கொண்டாந்து காட்டியிருக்கலாம்" என்றார். அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று நேற்று உன் அண்ணனைக் கேட்டேன். "நீ கண்ண மூடி உக்காந்திருந்த. கூப்பிட்டா எண்ணிக்க விட்டுப்போயிடும். மறுபடி ஒண்ணுலேர்ந்து ஆரம்பிப்ப. அதுக்கு இதே பரவால்லன்னு இருந்துட்டேன்" என்றார். பதினோரு மாதத்துக்கு முன்னால் வராந்தாவில் நீ கேட்ட கேள்வியை எனக்காக இன்னொரு தடவை கேட்ட மாதிரி இருந்தது, ஆனால் அவர் குற்றமாகச் சொல்லவில்லை.

வேண்டுதலில் எட்டு நாளும் அறுநூற்று அறுபதும் மீதி நிற்கிறது. அதைப் பற்றி நானும் கடவுளும் பேசிக்கொள்கிறோம், நீ நடுவில் வராதே. மீதியைக் கண்ணைத் திறந்துகொண்டு சொல்லலாமா என்று கேட்டிருக்கிறேன். வேண்டாம் என்று இதுவரை சொல்லவில்லை. இவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டிருக்கிறேன். எண்ணிக்கை அடிக்கடி தவறுகிறது.

நீ கிளம்பி வா. மாடி வார்டு, ஜன்னலோரக் கட்டில். வராந்தா இங்கேயும் நீளமாகத்தான் இருக்கிறது. என்னை அங்கே நிறுத்தி என்ன சொல்ல வேண்டுமோ சொல், யார் இருந்தாலும் பரவாயில்லை, தலையைக் குனிந்து கேட்டுக்கொள்கிறேன். வார்டுக்குள் மட்டும் வேண்டாம். அவர் எனக்காகப் பரிந்து பேச ஆரம்பித்துவிடுவார். இன்னும் நான்கு வார்த்தைக்கு ஒரு தடவை நிறுத்தித்தான் மூச்சு எடுக்கிறார்.

அண்ணி